முகப்புப் பக்கத்துக்கு வந்த விலை

பிரவுசரைத் திறந்தால், நாம் வைத்த முகப்புப் பக்கம் போய் முன்பின் தெரியாத ஒரு தேடுபொறி வந்து நிற்கும். பழையபடி மாற்றி வைத்தாலும் மறுநாள் அதுவே திரும்பி வரும். 2000-க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் வீட்டில் கணினி வைத்திருந்தவர்களில் இந்தத் தொல்லையைச் சந்திக்காதவர்கள் குறைவு. இதன் வரலாற்றைப் பெரும்பாலும் ஓட்டைகளின் கதையாகவே சொல்கிறார்கள்: மென்பொருளில் ஓட்டை இருந்தது, திருடன் புகுந்தான், பிறகு ஓட்டையை அடைத்தார்கள். இந்த விளக்கம் பாதி உண்மைதான். ஓட்டைகள் அடைபட்ட பிறகும் தொல்லை ஓயவில்லை, ஏனென்றால் அதை வளர்த்தது பணம். தேடல் பெட்டிக்கு ஒரு விலை இருந்தவரை அதைக் கைப்பற்ற ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

முதல் கட்டத்துக்கு ஓட்டைக் கதை பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1997-இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, பிற நிறுவனங்களின் துணைநிரல்கள் பிரவுசரோடு சேர்ந்தே ஏறி ஓட வழிசெய்தது. நல்ல நோக்கத்தில் திறந்த வாசல் அது. ஆனால் உள்ளே என்னென்ன ஓடுகின்றன என்று பார்க்கும் வசதி வீட்டுக்காரருக்குத் தரப்படவில்லை. 2003-இல் பரவிய கூல்வெப்சர்ச், பிரவுசரின் பலவீனங்கள் வழியே புகுந்து முகப்பையும் தேடலையும் தன் பக்கம் திருப்பியது. ஒன்றை நீக்கினால் வேறு வடிவத்தில் வந்தது. அதைத் துரத்த சிடபிள்யூஷ்ரெட்டர் என்ற கருவியை எழுதியவர் மெரைன் பெல்லெகோம் என்ற டச்சு மாணவர். அவருடைய இன்னொரு கருவியான ஹைஜாக்திஸ் நல்லது கெட்டது என்று எதையும் தீர்ப்பளிக்காது. முகப்புப் பக்கம் என்ன, பிரவுசரோடு எவை ஏறுகின்றன, கணினி தொடங்கும்போதே எவை ஓடுகின்றன என்று வரிவரியாக எழுதிக் காட்டும், அவ்வளவுதான். எந்த வரியை நீக்கலாம், எதைத் தொட்டால் விண்டோஸே படுத்துவிடும் என்பதைச் சம்பளமில்லாத தன்னார்வலர்கள் முன்பின் அறியாதவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். பிரவுசரை உருவாக்கியவர்கள் செய்திருக்க வேண்டிய வேலை அது. அந்த உழைப்புக்கு வரலாற்றில் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த முதல் கட்டத்திலேயே பணத்தின் தடம் தெரிகிறது. 2004 அக்டோபரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் சீஸ்மிக் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனத்தின் மீது தொடர்ந்த வழக்கைப் பாருங்கள். அந்த நிறுவனம் முகப்புப் பக்கத்தை மாற்றியது, விளம்பரங்களைக் கொட்டியது, சிலருடைய கணினியில் சிடி தட்டைத் தானாகத் திறக்கவைத்து ‘இறுதி எச்சரிக்கை’ காட்டியது, கடைசியில் இதையெல்லாம் சரிசெய்வதாகச் சொல்லி சுமார் 30 டாலருக்கு ஒரு மென்பொருளை விற்றது என்பது குற்றச்சாட்டு. நோயும் மருந்தும் ஒரே கடையில்!

2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் துணைநிரல்களைப் பட்டியலிட்டு முடக்கும் வசதியைத் தந்தது. பெரிய வாசல் ஒன்றுக்குக் காவல் வந்தது. உடனே கடத்துபவர்கள் வேறு வாசலைப் பிடித்தார்கள். இலவச மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது ஏற்கெனவே டிக் போட்ட ஒரு கட்டம் வரும். கவனிக்காமல் ‘நெக்ஸ்ட்’ அழுத்தினால் டூல்பாரும் கூடவே வந்துவிடும். பாபிலன், கான்டூட் போன்ற பெயர்களெல்லாம் அப்படித்தான் நம் திரைக்கு வந்தன. ஆரக்கிள் போன்ற பெருநிறுவனமே ஜாவாவோடு ஆஸ்க் டூல்பாரைப் பல ஆண்டுகள் சேர்த்துக் கொடுத்தது. பயனர் செய்யும் தேடல்கள் விளம்பர வருமானமாக மாறி, அதில் ஒரு பங்கு கொண்டுவந்து சேர்த்தவருக்கும் போயிற்று. பாதுகாப்பில் பெயர் பெற்ற குரோம் பிரவுசரைப் பற்றி, அமைப்புகள் கடத்தப்படுவதே பயனர்களிடமிருந்து வரும் முதன்மையான புகார் என்று 2014 ஜனவரியில் கூகுளே எழுதியது. ஓட்டைதான் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

சம்மதித்தவர் பயனர்தானே, இலவசமாக மென்பொருள் எழுதுபவரும் பிழைக்க வேண்டாமா என்று கேட்கலாம். பிழைக்கத்தான் வேண்டும். ஆனால் சம்மதம் உண்மையா என்பதை, அதைத் திரும்பப் பெற முயலும்போதுதான் அறிய முடியும். டூல்பாரை நீக்கிய பிறகும் தேடுபொறி மாறாமல் இருந்தது. பிரவுசர் ஐகானின் பண்புகளில் முகவரியை ஒட்டிவைத்தவர்கள் உண்டு. அமைப்புகளை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஐகானைத் தட்டினால் அதே பக்கம்தான் வரும். ‘தேடல் பாதுகாப்பு’ என்று பெயர் வைத்து, பயனர் செய்யும் மாற்றத்தையே தடுத்த நிரல்களும் இருந்தன. 2015 ஜூனில் மைக்ரோசாஃப்ட் இத்தகைய நிரல்களையும், ஆஸ்க் டூல்பாரின் பழைய பதிப்புகளையும் வேண்டாத மென்பொருள் பட்டியலில் சேர்த்தது. யார் மாற்றினார் என்பதைவிட, உரிமையாளரால் திருப்பி மாற்ற முடிகிறதா என்பதே அளவுகோல் ஆனது. 2012-இல் ஃபயர்பாக்ஸும் அதன்பின் குரோமும் கொண்டுவந்த ரீசெட் பொத்தானும் அதே எண்ணத்தில் பிறந்ததுதான்.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. சஃபாரி பிரவுசரில் தன்னையே தேடுபொறியாக வைக்க 2022-இல் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்ற வழக்கில் வெளிவந்தது. அதையும் கடத்தலையும் ஒன்றாக வைக்கலாமா? கூடாது. சஃபாரியில் தேடுபொறியை யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், மாற்றியது மாற்றியபடி இருக்கும். ஆனால் இரண்டு சந்தைகளும் குறிவைப்பது ஒரே பொருளை: பெரும்பாலோர் தொடாமல் விட்டுவிடும் அந்த ஒற்றைத் தேர்வை. நேர்வழியில் அதற்கு இவ்வளவு விலை இருக்கும்போது குறுக்குவழியில் எடுக்க ஆள் வராமல் இருக்காது. 2017-இல் செக் பாயின்ட் நிறுவனம் கண்டறிந்த ஃபயர்பால், முகப்பையும் தேடலையும் போலித் தேடுபொறிகளுக்குத் திருப்பியது. பாதிக்கப்பட்ட நாடுகளில் அந்நிறுவனம் முதலிடத்தில் வைத்தது இந்தியாவை. செக் பாயின்ட் சொன்ன எண்ணிக்கை மிகையானது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. அப்படி ஒன்று பரவியதை மறுக்கவில்லை. நேர்வழிச் சந்தையும் மூடப்படவில்லை. மேலே சொன்ன வழக்கில், தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் காத்தது என்று 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்த நீதிபதி அமித் மேத்தா, 2025 செப்டம்பரில் பிரத்தியேக ஒப்பந்தங்களைத் தடை செய்தார்; டீஃபால்ட் இடத்துக்குப் பணம் கொடுப்பதை அனுமதித்தார்.