எழுத்துப் பிழையும் குறியேற்றப் பிழையும்: கொச்சி அச்சு முதல் ஒருங்குறிச் செயலி வரை

முன்னுரை

கொச்சி நகரின் எறணாகுளம் கரையில் பிராட்வே என்னும் பழைய கடைத்தெரு உள்ளது. அதனை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த கணினித் தட்டச்சுக் கூடத்தில்தான் இக்கட்டுரைக்குரிய சிக்கல் தொடங்கியது. இக்கட்டுரையாளரின் ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றபின் எறணாகுளத்தில் மகன் வீட்டில் தங்கியிருந்தவர், அபிராமி அந்தாதி, கந்தரலங்காரம் முதலிய கட்டளைக் கலித்துறை நூல்களுக்குச் சொல்லடைவு ஒன்றைப் பல்லாண்டுகள் உழைத்துத் தொகுத்திருந்தார். 2000களின் தொடக்கத்தில் உள்ளூர் நிரலர் ஒருவர் விசுவல் பேசிக் 6 கொண்டு எழுதித் தந்த மேசைக் கணினிச் செயலியில் அது பதிவாகியிருந்தது. பழைய கணினி பழுதுற்றது. கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றித் திறந்தபோது தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தென்படவில்லை. மேலேயும் கீழேயும் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே திரை முழுதும் நிறைந்திருந்தன.

அச்சொல்லடைவை மீட்கும் பணியில் எதிர்ப்பட்ட பிழைகளையும் அவற்றின் வரலாற்றுக் காரணங்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பிழைகளுள் பெரும்பாலானவை நிரலரின் கவனக்குறைவால் நேர்ந்தவை அல்ல. தமிழ் எழுத்தை இயந்திரத்துள் எவ்வாறு பகுத்து வைப்பது என்பது குறித்து வெவ்வேறு காலங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளின் எச்சங்களே அவை. ஆதலின் அவற்றைக் களைய நிரலறிவு மட்டும் போதாது. சுவடிப் பதிப்பாசிரியருக்கு வேண்டிய எழுத்து வரலாற்றறிவும் வேண்டும்.

அச்சுக்கு வந்த எழுத்து

இச்சிக்கல் கொச்சியில் வெளிப்பட்டது தற்செயலே. எனினும் இவ்வூருக்கும் தமிழ் அச்சுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. கோவாவில் 1577இலும் கொல்லத்தில் 1578இலும் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகளைக் கொண்டு அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டே, 1579இல், கிரீசித்தியானி வணக்கம் கொச்சியில் அச்சிடப்பெற்றது. மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைப் பகுதியே அந்நாளைய போர்ச்சுகீசியக் கொச்சி.

அவ்வச்செழுத்துகள் அக்கால ஓலை எழுத்துமுறையை அடியொற்றியவை. ஓலையில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. ரகரமும் ஆகாரக் குறியாகிய காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. படிப்பவர் சொல்லை அறிந்தே எழுத்தை அறிந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில் வேறுபாட்டுக் குறிகளை வழக்குப்படுத்தியதும், பின்னர் அச்சில் ரகரத்திற்குக் கீழ்க்கோடு நிலைபெற்றதும் யாவரும் அறிந்தவை. ஓலையின் மயக்கங்களைத் தீர்ப்பதில் சி.வை. தாமோதரம் பிள்ளையும் உ.வே. சாமிநாதையரும் பட்ட பாட்டைப் பதிப்பு வரலாறு நமக்குக் கூறுகிறது. அவர்கள் தீர்த்துவைத்த மயக்கம் ஒன்று நானூறு ஆண்டுப் பழமையுடன் கணினியில் மீண்டும் தலைகாட்டியதைக் கீழே காணலாம்.

எண்பிட்டுக் காலம்

1980களில் கனடாவிலிருந்து சீனிவாசனின் ஆதமியும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசும், பின்னர் சுவிட்சர்லாந்திலிருந்து கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துருவும் வெளிவந்தன. புலம்பெயர்ந்த தமிழரின் ஆர்வத்தால் எழுந்த முயற்சிகள் இவை. ஒரு பைட்டில் அடங்கும் 256 இடங்களுள் முதற்பாதி ஆங்கிலத்திற்குரியதாக, மீதியில் தமிழைப் பொருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் பொருத்தினர். ஒருவர் கோப்பு மற்றொருவர் கணினியில் திறவாது. இதற்குத் தீர்வு காணவே 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. இணையவழி உரையாடலில் உருவான திஸ்கி ஒருபுறமும் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் ஆகியன மறுபுறமுமாகத் தரப்பாடுகள் நின்றன. தரம் ஒன்று வேண்டிக் கூடியவர்கள் மூன்று தரங்களுடன் கலைந்தனர் என்று கூறின் அது மிகையாயினும் பொய்யன்று.

ஆசிரியரின் சொல்லடைவு திஸ்கியில் இருந்தது. அக்குறியேற்றம் காட்சி வரிசையைப் பின்பற்றியது. அதாவது, கண் எதனை முதலில் காண்கிறதோ அதுவே கோப்பிலும் முதலில் நிற்கும். 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு முன்னும் ககரம் பின்னும் சேமிக்கப்படும். அச்சுக் கோப்பவர் ஈய எழுத்தை அடுக்கிய முறையும் இதுவே. அச்சிடுவதற்கு இது போதும். அகரவரிசைப்படுத்தும்போதுதான் குறை தெரியும். திஸ்கியில் கொம்புகளும் ஐகாரக் குறியும் அகரத்திற்கு முந்திய எண்களைப் பெற்றிருந்தமையால், 'கை', 'செல்வி', 'பேறு' ஆகிய சொற்களெல்லாம் 'அ'வில் தொடங்குவனவற்றுக்கும் முன்னால் வந்து நின்றன. பழைய செயலியை எழுதிய நிரலர் இதனை உணர்ந்து, சொல்லைத் திருப்பி அடுக்கும் சிறு நிரற்பகுதி ஒன்றை எழுதியிருந்தார். பெயர் தெரியாத அவர் நன்றிக்குரியவர்.

இகரத்தின் கதை இன்னும் சுவையானது. திஸ்கியில் அது 173ஆம் இடத்தில் இருந்தது. ஐரோப்பியக் குறியேற்றத்தில் அவ்விடம் வரியிறுதியில் மட்டும் தோன்றும் சொல்வெட்டுக் கோட்டுக்கு உரியது. எனவே சில செயலிகள் இகரத்தைக் கண்ணுக்குத் தெரியாத கோடாகக் கருதி மறைத்துவிட்டன. பின்னர் 254ஆம் இடமும் இகரத்திற்கு வழங்கப்பட்டது. ஒரே எழுத்துக்கு இரண்டு எண்கள் ஆனமையின், ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. சொல்லடைவில் 'இன்பம்' இரண்டு இடங்களில் தனித்தனித் தலைச்சொல்லாகப் பதிவாகியிருந்தமைக்குக் காரணம் இதுவே.

மீளும் பிழையும் மீளாப் பிழையும்

திரையில் ஐரோப்பிய எழுத்துகள் தோன்றியமை உண்மையில் இழப்பன்று. கோப்பிலுள்ள எண்கள் மாறவில்லை. அவற்றைப் படிக்கும் அட்டவணையே மாறியிருந்தது. உரிய எழுத்துருவை நிறுவியதும் தமிழ் மீண்டது. உண்மையான இழப்பு அதன்பின் நேர்ந்தது. கூடத்தில் இருந்த இளைஞர் உதவும் எண்ணத்துடன் கோப்பின் ஒரு பகுதியை ஒருங்குறிக்கு மாற்றிப் பழைய செயலியிலேயே திறந்து, சேமித்தும்விட்டார். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் ஈடாக ஒரு வினாக்குறி நின்றது.

இதன் காரணம் விளக்கத்தக்கது. விசுவல் பேசிக் 6 தன்னுள் ஒருங்குறியிலேயே சரங்களை வைத்திருக்கும். ஆயினும் அதன் இயல்பான உரைப்பெட்டிகளும் கோப்பில் எழுதும் கட்டளையும், விண்டோசின் வட்டாரக் குறிப்பக்கத்திற்கு அவற்றை மாற்றியே வெளியிடும். கிரேக்கம், அரபு முதலியவற்றுக்கு அத்தகைய பக்கம் உண்டு. தமிழுக்கு விண்டோசு அமைப்பில் அது வகுக்கப்படவே இல்லை. விண்டோசு 2000 முதல் தமிழ் ஒருங்குறி வழியாக மட்டுமே ஏற்கப்பட்டது. பக்கத்தில் இடமில்லாத எழுத்து வினாக்குறியாகிறது. சேமித்தபின் அதன் முன்னை எண் எங்கும் இல்லை. பிழைதேடுவோர் முதலில் செய்யவேண்டியது மூலக் கோப்பைப் படியெடுத்துத் தனியே வைப்பது. சுவடியைத் திருத்துமுன் படியெடுப்பது நம் பதிப்பாளர்க்குப் புதிதன்று. உரைப்பெட்டியை ஒருங்குறி ஏற்கும் ஒன்றாக மாற்றுவதும், செயலியைப் பிற்கால டாட்நெட்டில் மறுபடி எழுதுவதும் அதன்பின் செய்ய வேண்டியவை.

வெளியும் ஆசிரியரும்

எஞ்சிய கோப்பினை ஒருங்குறிக்கு மாற்றியபோது 'வெளி' என்பது 'வௌி' என்றும், 'தெளிவு' என்பது 'தௌிவு' என்றும் ஆயின. தமிழ்ச் செய்தித் தளங்கள் சிலவற்றில் 'வௌியீடு', 'வௌிநாடு' என்று வருவதைப் பலரும் கண்டிருப்பர். தட்டச்சாளர் பலர் ஔகாரக் குறிக்கு மாறாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு 'பெளத்தம்' என்று எழுதும் பழக்கமுடையவர். அதனைத் திருத்துவதற்காக மாற்றிநிரலில் ஒரு விதி சேர்க்கப்படும்: கொம்பு, மெய், ளகரம் மூன்றும் அடுத்தடுத்து வரின் ஔகாரமாக்குக. அவ்விதி 'பௌத்த'த்தைத் திருத்திய கையோடு 'வெளி'யைக் கெடுத்துவிடுகிறது. ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வரின் அது ளகர மெய்யே; விதியை அங்கே செலுத்தலாகாது என்பது திருத்தம். ளகரம் அகரமேறி நிற்கும் இடங்களில் மட்டும் சொற்பட்டியலின் துணை வேண்டும்.

மற்றொரு பிழை, திரையில் காணவே இயலாதது. 'அவர்' என்பதும் 'அவா்' என்பதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே. முன்னதில் இருப்பது ரகரத்தின் மேல் புள்ளி. பின்னதில் காலின் மேல் புள்ளி. புள்ளியோ இகரக் குறியோ ஏறும்போது ரகரம் தன் கீழ்க்கோட்டை இழப்பதால், தட்டச்சாளர் கால்குறியை இட்டே காலத்தைக் கடத்தினர். 'ஆசிாியா்' என்று எழுதப்பட்டதைத் தேடுபொறி 'ஆசிரியர்' என்று அறியாது. ஓலையில் ரகரமும் காலும் ஒன்றாயிருந்த மயக்கமே இது. ஆயினும் ஓலையைப் போலன்றி இங்கே தீர்வு எளிது. கால்குறியின் மேல் புள்ளியோ இகரக் குறியோ தமிழில் ஒருபோதும் வாராது. எனவே கண்ட இடமெல்லாம் தயக்கமின்றி ரகரமாக்கலாம். 'பாா்' என்பதில் இரண்டு கால்கள் வரின் புள்ளிக்கு முந்தியதை மட்டும் மாற்றினால் 'பார்' கிடைக்கும். சொல்லடைவின் தலைச்சொற்களுள் ஒரு பகுதி இவ்வொரு விதியாலேயே ஒன்றுசேர்ந்தது.

ஒருங்குறியிலேயே 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஓர் எண்ணாகவும், கொம்பும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். இவை இரண்டும் சமம் என்று ஒருங்குறித் தரமே கூறுவதால், இயல்பாக்கம் எனப்படும் செயற்பாடு ஒன்றே போதும். ஔகாரத்தின் ளகர வடிவத்தை அது தீர்க்காது. ளகரம் வேறெழுத்து என்பதே தரத்தின் நிலை. இவ்வேறுபாட்டை அறியாமல் இயல்பாக்கம் செய்துவிட்டோம் என்று அமைதியுறும் செயலிகள் பல.

நெடுங்கணக்கு எங்கே?

குறியேற்றம் சீரானபின் அகரவரிசைப்படுத்தியபோது, 'மரம், மலர், மழை, மறை, மனம்' என வரவேண்டியவை 'மனம், மரம், மறை, மலர், மழை' என வந்தன. 1991இல் வெளிவந்த ஒருங்குறி, இந்திய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட 1988ஆம் ஆண்டு இஸ்கி அட்டவணையை அடிப்படையாகக் கொண்டது. அவ்வட்டவணை தேவநாகரி வரிசையில் எல்லா மொழிகளையும் இணையாக நிறுத்தியது. தமிழுக்கே உரிய னகரம் நகரத்திற்கு அருகிலும், றகரம் ரகரத்திற்கு அருகிலும், ழகரம் ளகரத்திற்கு அருகிலும் அமர்த்தப்பட்டன. நெடுங்கணக்கின் இறுதியில் நிற்கும் னகரம் இவ்வாறு பகரத்திற்கு முன் வந்தது. புள்ளி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னுள்ள எண்ணைப் பெற்றமையின், தமிழ்ப் பேரகராதி முறையில் முன் நிற்கவேண்டிய 'அக்கா' 'அகம்' என்பதற்குப் பின் சென்றது.

எண் வரிசையை அகரவரிசை என்று கொண்டதே இங்குப் பிழை. சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்து, நெடுங்கணக்கில் அதற்குரிய இடத்தை எண்ணாகத் தந்து, அவ்வெண்ணால் வரிசைப்படுத்தினோம். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியெண் வேண்டும் என்ற கோரிக்கை இக்குறையினின்றே வலுப்பெற்றது. 2010 ஜூனில் தமிழக அரசு ஒருங்குறியுடன் டேஸ் 16 என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. ஆனால் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியில் அமைந்தமையால் பொதுவழக்கிற்கு வரவில்லை. கோரிக்கையில் நியாயம் உண்டு. ஆயினும் வரிசைக் குறை ஒன்றிற்காகக் குறியேற்றத்தையே மாற்றவேண்டும் என்னும் வாதம் இக்கட்டுரையாளருக்கு உடன்பாடன்று.

இறுதியாக எழுத்தெண்ணிக்கை. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடி 17 எழுத்தும் பெறும். ஆசிரியரின் செயலியில் இதனைச் சரிபார்க்கும் வசதி இருந்தது. ஒருங்குறிக்கு மாறியபின் எந்த அடியும் தேறவில்லை. கணினி எண்ணியது எழுத்தையன்று, குறியெண்ணை. 'கொக்கு' என்பது நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஆறு. உயிரையும் மெய்களையும் மட்டும் எண்ணி, புள்ளி பெற்றவற்றைக் கழிக்கும்படி நிரலைத் திருத்தியதும் 'கொக்கு' ஒற்று நீங்கி இரண்டாயிற்று, அடிகளும் தேறின.

இத்திருத்தத்தால் எதிர்பாராத பயன் ஒன்றும் கிட்டியது. எண்ணிக்கை தேறாத அடிகளைத் தனியே எடுத்துப் பார்த்தபோது, அவற்றுட் பெரும்பாலானவற்றில் இகரம் விடுபட்டிருந்தது. பழைய 173ஆம் இடத்தில் மறைந்துபோன இகரங்களே அவை. யாப்பே அவற்றைக் காட்டிக்கொடுத்தது. வினாக்குறியாய்ப் போன பகுதிக்கு மட்டும் இவ்வழி உதவவில்லை. அதற்குரிய கையெழுத்து அட்டைகள் ஆசிரியரின் வீட்டுப் பரணில் இருந்தன. கரையான் விட்டுவைத்தவற்றைக் கொண்டு இப்போது மறுபடி தட்டச்சு செய்யப்பட்டு வருகிறது.