பள்ளி மாணவர் படையும் சமூகப் பணியும்: ஒரு வரலாற்றுத் தடம்

தேசிய மாணவர் படையைப் பற்றி எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி டெல்லிக் குடியரசு நாள் அணிவகுப்பையும் துப்பாக்கிச் சுடும் போட்டிகளையுமே சுற்றிவருகிறது. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் காக்கிச் சீருடை அணிந்து பள்ளி மைதானத்தில் நிற்கும் இளநிலைப் பிரிவு மாணவர்கள் ஊருக்குச் செய்த பணி ஆய்வாளர்களின் கவனத்துக்கு அதிகம் வந்ததில்லை. சமூகப் பணி இப்படையில் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்ட அலங்காரம் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. அந்த எண்ணத்தை வரலாறு ஏற்கவில்லை. தொண்டு மரபு இப்படையின் வேரிலேயே இருந்தது. போர்க்காலங்கள் அதை ஒதுக்கின, போர் ஓய்ந்தபோது அது மீண்டது. ஆனால் மீண்டு வந்தது பழைய வடிவில் அன்று.

விடுதலைக்கு முந்தைய கதையில் தொண்டுக்கு இடமில்லை. முதல் உலகப் போரில் படைக்கு ஆள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, 1917இல் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ‘பல்கலைக்கழகப் படை’ தோன்றியது. 1920க்குப் பின் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படையாக மாறியது. இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1942இல், பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று பெயர் மாற்றம் பெற்றது. மூன்று பெயர்களுக்கும் பின்னால் இருந்தது ஒரே தேவைதான்: பிரிட்டிஷ் இந்திய இராணுவத்துக்குப் படித்த இளைஞர்கள் வேண்டும். பள்ளி மாணவர்கள் அந்தத் தேவைக்குள் வரவில்லை.

திருப்பம் 1946இல் நேர்ந்தது. நாடு தழுவிய மாணவர் படை ஒன்றை அமைப்பது பற்றி ஆராய இருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1947 மார்ச்சில் அறிக்கை அளித்தது. தலைவராக வந்தவர் யார் என்பதில் வரலாற்று மாணவர் சற்று நின்று பார்க்கவேண்டும். குன்ஸ்ரு படைத்தளபதி அல்லர். கோகலே 1905இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் இளமையிலேயே சேர்ந்து, 1936 முதல் இறுதிவரை அதன் தலைவராக இருந்தவர். மதன் மோகன் மாளவியாவோடு சேர்ந்து சேவா சமிதி சாரணர் இயக்கத்தை வளர்த்தவரும் குன்ஸ்ருதான். பின்னாளில் பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் முதல் தேசிய ஆணையராகவும் ஆனார். ஊழியம் என்பதை வாழ்நாள் விரதமாகக் கொண்ட ஒருவரின் தலைமையில் பிறந்த திட்டம், பள்ளிப் பிள்ளைகளையும் உள்ளே சேர்த்துக்கொண்டதை நான் தற்செயல் என்று கொள்ளமாட்டேன்.

தேசிய மாணவர் படைச் சட்டம் 1948 ஏப்ரலில் நிறைவேறியது. ஜூலை 15 அன்று படை தொடங்கியது. கல்லூரிக்கு முதுநிலைப் பிரிவு, பள்ளிக்கு இளநிலைப் பிரிவு எனப் பிரித்த அச்சட்டம், இதில் சேரும் எவருக்கும் போர்முனைக்குச் செல்லும் கடமை இல்லை என்பதைத் தெளிவாக்கியது. 1949இல் மாணவியர் பிரிவும் வந்தது. போருக்குப் போகவேண்டிய கடமை இல்லாத ஒரு சீருடைப் படை அமைதிக்காலத்தில் என்ன செய்யவேண்டும்? அதற்கான விடை நான்கே ஆண்டுகளில் கிடைத்தது.

1952இல், பிரதமர் நேருவின் விருப்பத்தின்படி, சமுதாய வளர்ச்சியும் சமூகப் பணியும் படையின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன. அதே ஆண்டு காந்தி பிறந்த நாளில் நாட்டின் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியதை இதனுடன் சேர்த்தே பார்க்கவேண்டும். கிராமத்துக்குச் சாலையும் கிணறும் பள்ளிக்கூடமும் வேண்டியிருந்தன. அரசின் கையில் பணம் குறைவு, மனித உழைப்போ ஏராளம். முதல் ஐந்தாண்டுத் திட்டம் இளைஞர் முகாம்களுக்கும் மாணவர் உழைப்புக்கும் தனியே நிதி ஒதுக்கியது. மாணவர் படை, சாரணர், பாரத சேவக் சமாஜ் ஆகியவை நடத்திய அம்முகாம்களில் மாணவர்கள் மண்வெட்டி பிடித்தார்கள். படையில் இடம் கிடைக்காத பள்ளி மாணவர்களுக்காக ‘துணை மாணவர் படை’ என்ற எளிய அமைப்பும் அக்காலத்தில் தோன்றியது. அதில் உடற்பயிற்சியும் ஊர்ப்பணியும் முதன்மை பெற்றன. 1950களே இப்படையின் சமூகப் பணிக்கு வாய்த்த நல்ல காலம் என்பது என் கணிப்பு. மாணவர் உழைப்பால் ஒரு பொருள் உருவாயிற்று. ஊரார் அதைப் பின்னர் பயன்படுத்தவும் செய்தனர். 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, உயர்நிலைக் கல்வி முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் எல்லோருக்கும் தேசியப் பணியைக் கட்டாயமாக்கலாம் என்று பரிந்துரைக்கும் அளவுக்கு அன்று நம்பிக்கை பெருகியிருந்தது.

1962 சீனப் போர் அந்த நம்பிக்கையைத் திசைதிருப்பியது. மறு ஆண்டே கல்லூரி மாணவர்களுக்கு மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாயிற்று. பள்ளிப் பிரிவு விருப்பத்தின்பேரிலேயே தொடர்ந்தாலும், அதிகாரிகளும் பயிற்றுநர்களும் சீருடைகளும் கல்லூரிகளின் திடீர்ப் பெருக்கத்துக்குத் தேவைப்பட்டபோது பள்ளிகளின் பங்கு சுருங்கியிருக்கும் என ஊகிக்கலாம். துணை மாணவர் படையும் அந்தப் பத்தாண்டின் நடுவில் முடிவுக்கு வந்தது. 1965, 1971 போர்களின்போது இரண்டாம் அரணாக நின்ற மாணவர் படையினர் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு உதவினர். குடிமக்கள் பாதுகாப்புப் பணியிலும் மீட்புப் பணியிலும் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதிலும் ஈடுபட்டனர். இதுவும் பொதுப்பணிதான். எனினும் கிராமத்து மண்வெட்டிக்கும் இதற்கும் இடைவெளி பெரிது.

தமிழ்நாட்டில் இக்கதைக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானம், மாணவர் படையின் இந்தி ஆணைச்சொற்களையும் எதிர்த்தது. ‘சாவ்தான்’, ‘விஷ்ராம்’ என்று மைதானத்தில் ஒலித்த கட்டளைகள், 1965 மொழிப் போரின் நினைவு ஆறாத மாணவர்களுக்கு எப்படிப்பட்டவையாக இருந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அணிவகுப்பைத் தாண்டி ஊர்ப்பணிக்குச் சென்றால் இந்தச் சிக்கல் எழுவதில்லை: குளக்கரையில் பேசப்படுவது ஊர்மொழிதான். படைக்கும் மக்களுக்கும் இடையே இயல்பான பாலமாக அமையக்கூடியது சமூகப் பணியே என்பதை அந்த மோதல் எனக்கு உணர்த்துகிறது.

1968இல் கல்லூரி மாணவர்களுக்கான கட்டாயப் பயிற்சி விலக்கப்பட்டது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. கல்லூரியில் தொண்டுக்கென்று தனி அமைப்பு வந்தபின், மாணவர் படை என்றால் அணிவகுப்பு, நலப்பணித் திட்டம் என்றால் தொண்டு என்ற பிரிவினை மனங்களில் வேரூன்றியது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு அத்தகைய மாற்று அமைப்பு வரவில்லை. ஆகவே பள்ளிப் பிரிவு இரண்டையும் சுமந்தது. 1971 போருக்குப் பின் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, போர்ப்பயிற்சி குறைந்து, தலைமைப் பண்புக்கும் சமூகப் பணிக்கும் முதன்மை மீண்டது. ‘ஒற்றுமையும் ஒழுக்கமும்’ என்ற குறிக்கோள் 1980இல் ஏற்கப்பட்டது.

இத்தனை மாற்றங்களிலும் பள்ளிப் பணியைத் தாங்கிநின்றவர் ஆசிரியர். பாடம் நடத்தும் ஒருவரே பயிற்சி பெற்று வந்து இணை அலுவலராகப் பொறுப்பேற்கிறார். ஆண்களுக்கு நாகபுரியை அடுத்த காம்ப்டியிலும் பெண்களுக்குக் குவாலியரிலும் அந்தப் பயிற்சி அளிக்கப்படுகிறது. தில்லியிலிருந்து வரும் சுற்றறிக்கை மரம் நடச் சொல்லலாம். நட்ட மரத்துக்கு விடுமுறையில் யார் தண்ணீர் ஊற்றுவது என்பதை முடிவுசெய்பவர் அவரே. நல்ல ஆசிரியர் வாய்த்த பள்ளியில் பணி வளர்கிறது. அவர் மாறுதலாகிப் போனால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

அண்மைக் காலம் வேறொரு வடிவத்தைக் காட்டுகிறது. 2020 ஏப்ரலில் கொரோனா நிவாரணப் பணிக்கு அழைக்கப்பட்டவர்கள் 18 வயது நிறைந்த முதுநிலைப் பிரிவினர் மட்டுமே. பள்ளி மாணவர்களை அதில் ஈடுபடுத்தாதது சரியான முடிவு. அதே ஆண்டு 173 எல்லை, கடலோர மாவட்டங்களுக்குப் படையை விரிவாக்கி ஒரு லட்சம் பேரைச் சேர்க்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் கடற்கரைத் தூய்மை இயக்கம் தொடங்கி, பின்னர் ஆறு, ஏரிகளுக்கும் விரிந்தது. 1948இல் 20,000 பேருடன் தொடங்கிய படையின் அனுமதிக்கப்பட்ட பலம் இன்று 20 லட்சம்.

எண்ணிக்கை பெருகியது, பணியின் ஆயுள் குறுகியது. 1950களின் முகாம் மாணவர் பல நாள் ஊரில் தங்கி உழைத்தார். இன்றைய மாணவர் ஒரு காலைப்பொழுது பதாகையுடன் பேரணி போகிறார், அல்லது கரையில் நெகிழி பொறுக்குகிறார். மறுவாரம் அதே கரை பழையபடி கிடக்கிறது. குறை பிள்ளைகளிடம் இல்லை. நாள் குறித்து நடத்தப்படும் இயக்கங்களுக்கு ஏற்பப் பணியைச் சுருக்கிய நிர்வாக முறையில்தான் குறை. ஒவ்வொரு பள்ளி அணியும் தன் ஊரின் ஓர் ஏரியையோ ஒரு கால்வாயையோ ஆண்டு முழுவதும் பொறுப்பேற்கும்படி விட்டால், 1952இல் எழுதப்பட்ட பாடத்திட்டம் மீண்டும் பொருள் பெறும். தலைமையாசிரியர்களும் இணை அலுவலர்களும் இன்னொன்றும் செய்யவேண்டும்: தங்கள் பள்ளி அணி இதுவரை செய்த ஊர்ப்பணிகளின் பதிவேடுகளும் புகைப்படங்களும் கரையானுக்குப் போவதற்கு முன் அவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கவேண்டும். இந்த வரலாற்றின் அடுத்த பகுதியை எழுத அவைதாம் சான்றுகள்.