குச்சுக் காவலுக்குப் போனவன்

திருமங்கலத்திலிருந்து இராஜபாளையம் நோக்கிச் செல்லும் பெருவழியில், கரிசல் காட்டின் நடுவே அமைந்துள்ள டி. கல்லுப்பட்டியைப் பற்றி எழுதப் புகுவோர், அதன் பெயரில் முன்னெழுத்தாய் நிற்கும் தேவன்குறிச்சியையும், அங்கே மண்ணுக்கடியில் கிடைத்த பெருங்கற்காலத் தடயங்களையும், 1940-இல் தோன்றிய காந்தி நிகேதன் ஆசிரமத்தையும் எழுதுவது வழக்கம். அவை யாவும் எழுதத் தக்கவையே. ஆயினும், திருவிழாக் காலங்களில் இரவு முழுவதும் கண்விழித்து நாடகம் பார்த்து, விடிந்த பிறகும் கலையாமல் நின்று, அந்நாடகத்தின் நாயகன் குற்றவாளியா அல்லனா, அவன் உள்ளத்தில் இருந்தது யாது என்று வழக்காடிய ஜனங்களுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அந்த வழக்குகளில் மிக நீண்டது மதுரை வீரனின் வழக்கு.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று சொன்னால் அறியாதவர் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக் கொடுத்த பாட்டையில் வளர்ந்த அந்த நாடகத்துக்குக் கம்பெனி இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றோர் ஊரிலிருந்தும் ஏஜெண்டு மூலம் தேதி பேசி வந்து, இரவு பத்து மணிக்கு மேல் ஒரே மேடையில் கூடி, விடியும் வரை பாடி ஆடிப் பிரிவார்கள். முன்னேற்பாடு இல்லாத அந்தக் கலையின் உயிர்நிலை தர்க்கம். ஒருவர் கேள்வி எழுப்ப, மற்றவர் அந்தக் கணமே விடை சொல்லியாக வேண்டும். விடை தடுமாறினால் சபை பொறுக்காது. இவ்வாறு தர்க்கத்தைச் செவியாரக் கேட்டுப் பழகிய ஜனங்கள், மேடை ஓய்ந்ததும் அதைத் தாமே ஏற்று நடத்தியது இயல்பு.

வீரனுடைய கதையை இங்கே சுருக்கமாய்ச் சொல்லிவிடலாம். பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மி பூப்பெய்தியபோது, குல வழக்கப்படி அவளை ஊருக்கு வெளியே குச்சு கட்டி வைக்கிறார்கள். குச்சுக்குக் காவல் இருப்பது சின்னான் என்ற சக்கிலியரின் கடமை. மழை பெய்த ஓர் இரவில் அவருக்குப் பதிலாக வளர்ப்பு மகன் வீரன் காவலுக்குப் போகிறான். போனவன் பொம்மியிடம் மனத்தைப் பறிகொடுத்து, அவளை அழைத்துக்கொண்டு காவிரி கடக்கிறான்; துரத்தி வந்த அவள் தந்தை போரில் மாள்கிறார். பின்னர் திருச்சியிலும் மதுரையிலும் நாயக்க மன்னரிடம் சேவகம் பெற்று, அழகர்மலைக் கள்ளரை அடக்கப் புறப்படுகிறான். மதுரையில் வெள்ளையம்மாள் என்ற நாட்டியப் பெண்ணை நாடி இரவில் சென்றபோது பிடிபட்டு, மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான்.

சாப்டூர், பேரையூர் முதலிய நாயக்கர் பாளையங்களின் நிழலில் வாழ்ந்த இப்பகுதி மக்களுக்குக் குச்சு என்பது கற்பனையான பொருள் அன்று. அதைக் கட்டியவர்களும், அதில் இருந்தவர்களும், அதற்கு வெளியே பனியில் காவல் கிடந்தவர்களும் சபையிலேயே கலந்திருந்தார்கள். ஆகவே வழக்கு எப்போதும் அங்கேதான் தொடங்கியது. "காவலுக்குப் போனவன் காவல் காத்த பொருளையே கொண்டுபோனா, அது களவு இல்லாம என்ன மாப்ளே?" என்று ஒருவர் கேட்பார். "பொம்மி என்ன பொருளா மாமா? அவளுக்கு மனசு இல்லையா?" என்று மற்றவர் மறிப்பார். "மனசு இருந்துச்சு, சரி. அவளைப் பெத்தவனைக் கொன்னானே, அதுக்கு என்ன சொல்றே?" என்று மூன்றாமவர் புகுவார். காதல் என்று ஒரு கட்சி. நாயக்கர் வீட்டுப் பெண்ணைக் கொண்டு தன் குலத்தின் தாழ்வைத் துடைக்கப் பார்த்தான் என்று ஒரு கட்சி. இளமைத் துணிச்சலன்றி வேறொன்றுமில்லை என்று ஒரு கட்சி. எளிய மனிதர்களின் அந்த விசாரணையில் நீதிமன்றங்களில் காணக்கிடைக்காத ஒரு நுட்பம் உண்டு. செயலைப் பற்றி அவர்களுக்குள் ஐயம் இல்லை. செய்தவன் நெஞ்சைத்தான் அவர்கள் துருவினார்கள்.

அந்த நெஞ்சுக்கு ஏடெழுதியவர்கள் சொன்ன சமாதானம் வேறு. சந்தைக் கடைகளில் விற்ற பெரிய எழுத்துப் புஸ்தகங்களின் வாயிலாக ஊர்தோறும் பரவிய வடிவத்தில், வீரன் பிறப்பால் காசி ராஜாவின் மகன். கொடி சுற்றிப் பிறந்தமையால் நாட்டுக்கு ஆகாது என்று சோதிடர் சொல்லக் காட்டில் விடப்பட்டவன். சின்னானும் அவர் மனைவியும் எடுத்து வளர்த்தவர்களே. அரச இரத்தம் அரச இரத்தத்தை நாடியது என்று சொல்லிவிட்டால், குச்சில் நடந்தது குற்றமும் ஆகாது, கலப்பும் ஆகாது. இத்தகைய ஒட்டு வேலை இந்தக் கதைக்கு மட்டும் நேர்ந்ததன்று. முத்துப்பட்டன் கதையில் வாலப்பகடையின் பெண்களாகிய பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் அந்தணக் குழந்தைகள் என்று பின்னர் ஒரு கூற்று ஏறியதையும், ஆரியமாலையை விரும்பிக் கழுவேறிய காத்தவராயனுக்குத் தெய்வப் பிறப்பும் சாப வரலாறும் சொல்லப்படுவதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். கதைப்பாடல்களை அரும்பாடுபட்டுத் திரட்டி ஆராய்ந்த நா. வானமாமலை போன்ற அறிஞர்கள் இவற்றைப் பிற்காலச் செருகல்கள் என்று கண்டது எனக்கு முற்றிலும் உடன்பாடே. தவிரவும், 1659-இல் மறைந்த திருமலை நாயக்கரையும், 1706-இல் பட்டமேறிய விஜயரங்க சொக்கநாதரையும் ஒரே சேவகனின் வாழ்நாளில் அடுத்தடுத்து நிறுத்துகிற கதையைப் பிறப்புச் சான்றாக யார் கொள்வார்? காசி ராஜா வீரனைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை. கதையை எழுதியவர்களின் அச்சத்தைத்தான் சொல்கிறார்.

1956-இல் வெளிவந்த 'மதுரை வீரன்' திரைப்படம் மற்றொரு சமாதானத்தை வைத்தது. கண்ணதாசன் உரையாடல் எழுத, எம்.ஜி.ஆர். வீரனாகவும், பானுமதி பொம்மியாகவும், பத்மினி வெள்ளையம்மாளாகவும் நடித்த அப்படத்தில் வீரன் மாசற்றவன். சூழ்ச்சிக்காரர் பழிக்கு ஆளானவன். கொட்டகையில் ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் குற்றமே செய்யாத நாயகனைப் பற்றி வழக்காட என்ன இருக்கிறது? பழைய மேடையின் வீரனை விடிய விடியப் பேசியவர்கள் திரையின் வீரனைக் கொண்டாடினார்கள். கொண்டாட்டத்தில் குறையில்லை; எனினும் ஒரு பெரிய விசாரணை அங்கே முடித்து வைக்கப்பட்டது என்பதே என் துணிபு.

அந்த விசாரணை இவ்வட்டாரத்தில் இத்தனை உயிரோடு இருந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. காவலும் களவும் எதிரெதிர்ச் சொற்களாக நிற்காத பூமி இது. ஊர்க்காவல் உரிமை பெற்றவர்களுக்குக் குடிகள் ஆண்டுதோறும் தானியம் அளந்தார்கள். களவு போன மாட்டைத் துப்புக்கூலி கொடுத்து அவர்கள் மூலமே மீட்டார்கள். காவலனே கள்வனும் ஆனான் என்று வெகுண்டு 1896-இல் மதுரை ஜில்லாவின் சில பகுதிகளில் குடிகள் காவலுக்கு எதிராகக் கிளம்பியதும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காவல் காத்த ஊர்களின் நன்றியும் உண்டு. இந்தச் சிக்கலை அவிழ்க்கப் பொறுமையில்லாத ஆங்கில அரசாங்கம், குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-க்குப் பின் சென்னை மாகாணத்திலும் செலுத்தி, அந்தக் காவல் உரிமை கொண்டிருந்த பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிறப்பினாலேயே குற்றவாளிகளாகப் பதிந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். டி. கல்லுப்பட்டிக்கு வடமேற்கே, சேடப்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரில், கைரேகை பதிய மறுத்துத் திரண்டவர்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பலர் உயிர் துறந்தார்கள். சட்டம் 1947-இல்தான் இம்மாகாணத்தில் நீங்கியது. ஒருவன் ஏன் செய்தான் என்று கேளாமல், எந்தக் குடியில் பிறந்தான் என்று மட்டும் கேட்ட அந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தவர்கள், மேடையில் காவலன் ஒருவன் கள்வனென்று வெட்டுப்படும்போது, அவன் மனத்தை விசாரிக்காமல் எப்படி எழுந்து போவார்கள்?

செயலைவிட நோக்கத்தை எடைபோட வேண்டும் என்ற எண்ணம் இவ்வூரோடு தொடர்புடைய மற்றொரு பெரியவரிடமும் இருந்தது. தம் வாழ்வின் இறுதி ஆண்டுகளைக் காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்த ஜே. சி. குமரப்பா, மனிதர் பொருள் தேடும் முறைகளை, பிறரை அழித்துப் பறிக்கும் வாழ்வு முதல் கைம்மாறு கருதாத சேவை வரை ஐந்து படிகளாகப் பிரித்தார். கொடுப்பது மிகுதியா, எடுப்பது மிகுதியா என்பதே அவருடைய அளவுகோல். அந்தக் கோலால் அளந்தால் வீரன் எந்தப் படியிலும் முழுமையாய் அடங்கமாட்டான். ஒரு கையால் எடுத்தான், மறு கையால் கொடுத்தான்.

வெள்ளையம்மாள் விஷயத்தில் அவனைக் குற்றமற்றவன் என்று சொல்ல நான் துணியேன். தன்னை நம்பி வீடும் தந்தையும் இழந்து வந்த பொம்மி இருக்க, இரவில் வேறொருத்தியை நாடிப் போனவன் அவன். நாடகம் பார்த்த பெண்கள் இதைத் தயங்காமல் சொன்னார்கள்; ஆண்கள் கட்சி பிரிந்து மழுப்பினாலும் பெண்கள் பக்கம் ஒரே தீர்ப்புதான். ஆனால் அதே பெண்கள், மதுரைக்குப் போனால், மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்தருகே பொம்மியும் வெள்ளையம்மாளும் உடனிருக்க நிற்கும் அவனைக் கும்பிடாமல் வருவதில்லை. பிழை செய்தவன் என்று அறிந்தே வணங்கினார்கள். மீனாட்சியம்மை அவன் கை கால்களைத் திரும்பக் கொடுத்தும், வேண்டாமென்று தன் கழுத்தைத் தானே அரிந்துகொண்டான் என்று ஒரு மரபு சொல்கிறது. மன்னன் விதித்த தண்டனையைவிடக் கடுமையான ஒன்றைத் தனக்குத் தானே விதித்துக்கொண்ட அந்த வீரன், காசி ராஜா மகனைவிடவும், திரையில் கண்ட குற்றமற்றவனைவிடவும் பெரியவன் என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனை வழக்கிலும் அழைக்கப்படாத சாட்சி ஒருவர் உண்டு, அவர் சின்னான். கொட்டும் மழையில் வயல்வெளிக் குச்சுக்குக் காவலிருக்க வேண்டியவர் அவராகவே ஏன் இருந்தார், மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா, அந்தக் காவலுக்கு அவருக்குக் கிடைத்த கூலி என்ன, பெண் போன மறுநாள் காலையில் பொம்மண்ண நாயக்கரின் முன்னே அவர் எப்படி நின்றிருப்பார் என்று கேட்டவர் குறைவு. திரைப்படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அந்த வேடத்தை ஏற்று, டி. ஏ. மதுரம் மனைவியாய் வர, ஜனங்களைச் சிரிக்க வைத்தார். வீரனின் உள்ளத்தைத் துருவிய சபை, அவனை அனுப்பி வைத்தவரின் வீட்டுக்குள்ளும் ஒருமுறை எட்டிப் பார்த்திருக்க வேண்டும். குச்சு யாருடையது, காவல் யாருடையது என்ற கேள்விக்கு விடை அந்த வீட்டில்தான் இருந்தது.