களத்து நெல்லும் மாட்டு வைத்தியர் கூலியும்

பொங்கலுக்கு என் அக்கா மகன் சென்னையிலேர்ந்து வந்திருந்தான். கூடவே அவனோட நாயும் வந்திருந்துச்சு. லேப்ரடார், ஆறு வயசு. வந்த அன்னைக்கே மாட்டுக் கொட்டகையில போய் வைக்கோல்ல படுத்துக்கிட்டு எழுந்திரிக்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது.

சாயங்காலம் டீ குடிக்கும்போது பேச்சு செலவுப் பக்கம் போச்சு. நாயிக்கு காதுல சீழ் வெச்சு, ரெண்டு மாசத்துல மூணு ஆஸ்பத்திரி மாறி, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துன்னு பதினெட்டாயிரம் ஆச்சுன்னான். திண்ணையில வெத்தலை போட்டுக்கிட்டிருந்த எங்க அம்மா கேட்டுச்சு: "ஏன்யா, அது என்ன பால் கறக்குதா, ஏர் உழுவுதா?"

எல்லாரும் சிரிச்சோம். அவன் சிரிக்கல. "அம்மாச்சி கேக்குறது இருக்கட்டும் மாமா. நல்ல டாக்டர் யாருன்னு நீங்க எப்படிப் பாக்குறீங்க? எவ்வளவு செலவு பண்ணலாம்னு எப்படி முடிவு பண்றீங்க?" என்றான்.

சட்டுன்னு பதில் வரல. அம்மா கேலியாத்தான் கேட்டுச்சு. ஆனா கால்நடை வைத்தியத்தோட வரலாறு பூரா அந்தக் கேள்வி மேலதான் நடந்திருக்கு. எந்தப் பிராணி சம்பாதிச்சுக் குடுத்துதோ, அதுக்குத்தான் முதல்ல டாக்டர் வந்தார். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிச்சு இங்கே எழுதுறேன்.

எங்க தாத்தா காலத்துல ஊருக்கு ஒரு மாட்டு வைத்தியர் இருந்தார். மாட்டு வாகடம்னு ஓலைச்சுவடியில எழுதி வெச்ச வைத்தியம் தமிழ்ல உண்டு. மாட்டோட சுழி, நிறம், பல்லுலேர்ந்து நோய், மருந்து வரைக்கும் பாட்டாவே இருக்கும். எங்க ஊர் வைத்தியருக்கு எழுத்து தெரியாது, பாட்டு தெரியும். மூங்கில் குழாயில கசாயத்தை ஊத்தி மாட்டுத் தொண்டைக்குள்ள இறக்குறதுல அவரை மிஞ்ச ஆள் இல்லைன்னு அப்பா சொல்லுவார். எங்க பக்கத்து உம்பளாச்சேரி மாட்டுக்குக் கொம்பைத் தீச்சு, உடம்புல சூடு போடுறதும் அவர் வேலைதான். சூடு போட்டா நோய் அண்டாதுன்னு நம்பிக்கை. அதுல பாதி வைத்தியம், பாதி வதை. இன்னைக்கு யோசிச்சா மனசு கூசுது.

அவருக்குக் கூலி காசா கிடையாது. அறுவடை முடிஞ்சதும் களத்து மேட்டுல வீட்டுக்கு இவ்வளவுன்னு நெல் அளந்து போடுவாங்க. அந்த வருஷம் மாட்டுக்கு நோய் வந்திருந்தாலும் அதே நெல், வராட்டியும் அதே நெல்தான். இந்த ஏற்பாட்டோட அருமை எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது. மாடு அடிக்கடி படுத்தா அவருக்குத்தான் அலைச்சல், நல்லா இருந்தா அவருக்கும் நிம்மதி. நோய் வர்ற அன்னைக்கு வீட்டுல காசு இருக்கா இல்லையான்னு யாரும் தவிக்க வேண்டியதும் இல்லை.

ஆனா அந்த வைத்தியருக்கு மேல ஒரு நோய் இருந்துச்சு. பேரு வெக்கை. காய்ச்சல், கண்ணுல நீர், வாய் பூரா புண்ணு, பிறகு கழிச்சல். பத்து நாளுக்குள்ள கட்டுத்தறி காலியாயிடும். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் உருவானதற்கே ஐரோப்பாவில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாக அழித்த இந்த நோய்தான் பெரிய காரணம்.

நம்ம நாட்டுல வெள்ளைக்காரன் முதல்ல கவலைப்பட்டது குதிரைக்குத்தான். குதிரை இல்லைன்னா படை இல்லை. இன்னைக்கு மாட்டுக்குப் பேர் போன ஓசூர் கால்நடைப் பண்ணையே 1824-ல் படைக்குதிரைகளுக்காக ஆரம்பிச்சதுதான். உழவு மாட்டைப் பத்தின கவலை பிறகு வந்தது. மாடு செத்தா உழவு இல்லை, உழவு இல்லைன்னா வரி இல்லை. கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய ஒரு குழு போட்டு, அது 1871-ல் அறிக்கை கொடுத்தது. 1889-ல் பூனாவில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கி, 1893-ல் அதை இமயமலையில் முக்தேஸ்வருக்கு மாத்தினாங்க. கொடிய கிருமியை வெச்சு வேலை செய்ய ஊர் ஜனத்தை விட்டு ஒதுங்கின குளிர்ந்த மலை தேவைப்பட்டது.

இங்கிலாந்துல 1865-ல் வெக்கை வந்தபோது நோய் கண்ட மாடுகளை வெட்டிப் புதைச்சு ஒழிச்சாங்க. இங்கே அது நடக்குமா? மாட்டைக் கொல்லுன்னா எந்த ஊர் கேக்கும்? அதனால தடுப்பூசி ஒண்ணுதான் வழி. 1920-களில் முக்தேஸ்வரில் எட்வர்ட்ஸ் என்ற விஞ்ஞானி வெக்கைக் கிருமியை ஆட்டு உடம்பில் திரும்பத் திரும்ப வளர்த்து, வீரியம் குறைத்து, மலிவான தடுப்பூசி ஆக்கினார். 1954-ல் நாடு முழுக்க ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. அப்புறமும் நாப்பது வருஷம் பிடிச்சுது. இந்தியாவில் கடைசியாக வெக்கை கண்டது 1995-ல், நம்ம வட ஆற்காடு பக்கத்துலதான். 2011-ல் உலகத்திலேயே அந்த நோய் இல்லை என்று அறிவித்தார்கள். மனுஷங்களுக்குப் பெரியம்மைக்கு அடுத்தபடியா, பூமியை விட்டே துரத்தின நோய் இது ஒண்ணுதான்.

எங்க தாத்தா ரெண்டு ஜோடி உழவு மாட்டை ஒரே வாரத்துல வெக்கைக்குக் குடுத்து, ஒரு மா நிலத்தை அடகு வெச்சு மறு ஜோடி பிடிச்சார். எங்க அப்பாவுக்கு அந்தக் கதி வரல. மாட்டை ஓட்டிக்கிட்டுப் போய் முகாமுல ஊசி போட்டுக்கிட்டு வந்தார். செலவு காலணா கிடையாது. பெரிய செலவைக் குறைச்சது கெட்டிக்கார டாக்டரோ பெரிய ஆஸ்பத்திரியோ இல்லை. நோய் வர்றதுக்கு முன்னாடி போட்ட ஊசிதான்.

டாக்டர்களும் வந்தாங்க. சென்னை வேப்பேரியில டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 1903 அக்டோபரில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. சென்னைக்காரங்க பல பேர் அங்கே நாயைத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்னிருப்பீங்க. அங்கே படிச்சு வந்தவங்கதான் ஊர் ஊரா கால்நடை மருந்தகங்கள்ல உக்காந்தாங்க. பிறகு 1985-ல் நாமக்கல்லில் ஒரு கல்லூரி, 1989-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம், 2012-ல் எங்க பக்கம் ஒரத்தநாட்டில் ஒரு கல்லூரி.

இதுக்கு நடுவுல மாடும் மாறிடுச்சு. 1970-ல் வெண்மைப் புரட்சி தொடங்கினப்புறம் ஜெர்சி கலப்பு வந்தது. உம்பளாச்சேரி ரெண்டு லிட்டர் கறந்த இடத்துல இது பத்து, பன்னிரண்டு. பாலோட செலவும் வந்தது. வெயில் தாங்காது, உண்ணி பிடிக்கும், மடிநோய் வரும், கன்னு போட்ட மறுநாளே பால் காய்ச்சல்ல சாஞ்சிடும். நாட்டு மாட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வைத்தியரைத் தேடின வீடு, இப்ப மாசத்துக்கு ஒரு தடவை தேடுச்சு. டாக்டரோ ஒருத்தர், மருந்தகமோ மூணு. அந்த இடைவெளியிலதான் பைக்குல பையை மாட்டிக்கிட்டு வர்ற ஊசிக்காரர்கள் நுழைஞ்சாங்க.

1984-ல் வந்த கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பட்டம் படிச்சு மன்றத்துல பதிவு பண்ணினவர்தான் வைத்தியம் பாக்கலாம்னு சொல்லுது. சட்டம் எனக்கும் தெரியும். தெரிஞ்சே தப்பு பண்ணினேன்.

2013-ல, எங்க வீட்டுல பன்னிரண்டு லிட்டர் கறந்த ஒரு கலப்பு மாடு. ஒரு ராத்திரி ஒரு காம்பு வீங்கி, பால் திரிஞ்சு வந்துச்சு. டாக்டரை வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்தா அறுநூறு ரூபா ஆகும், மருந்து தனி. பக்கத்து ஊர் ஊசிக்காரருக்கு இருநூத்தம்பது போதும். அவரைக் கூப்பிட்டேன். மடியைத் தொட்டுக்கூடப் பாக்கல. ரெண்டு ஊசி போட்டார். வீக்கம் வடிஞ்ச மாதிரி இருந்துச்சு. மருந்து எத்தனை நாளைக்கு, பாலை எத்தனை நாள் ஊத்தக்கூடாதுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல. அஞ்சாம் நாள் அந்தக் காம்பு கல்லாயிடுச்சு. அதோட செத்துப்போச்சு. நாளைக்கு மூணு லிட்டர் போச்சு. அப்ப லிட்டர் இருபது ரூபா. இருநூத்தம்பது நாள் கறவைன்னு வெச்சா ஒரு ஈத்துக்கே பதினஞ்சாயிரம். மிச்சம் பிடிச்சது முந்நூத்தம்பது.

வலிக்குன்னு அந்தக் காலத்துல எல்லா மாட்டுக்கும் போட்ட மலிவு ஊசி டைக்குளோபினாக். மாட்டை அது ஒண்ணும் பண்ணல. ஆனா அந்த மருந்து உடம்புல இருக்கும்போதே மாடு செத்து, அதைத் தின்ன கழுகெல்லாம் சிறுநீரகம் கெட்டுச் செத்துதுன்னு 2004-ல் கண்டுபிடிச்சாங்க. பிணந்தின்னிக் கழுகில் சில இனம் அதுக்குள்ள நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல அழிஞ்சிருந்தது. 2006-ல் கால்நடைக்கு அதைத் தடை பண்ணியும், மனுஷனுக்கு விக்கிற பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க. அதனால 2015-ல் பாட்டில் அளவையே மூணு மில்லிக்குக் குறைச்சாங்க. நாம குடுக்காத காசை வேற யாரோ குடுத்துடுறாங்க.

பழைய வைத்தியமும் அடியோட போயிடல. மடிநோய்க்குச் சோத்துக் கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூணையும் அரைச்சுப் பூசுற முறையைக் கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி சோதிச்சு, அளவு வகுத்துக் குடுத்தார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இன்னைக்கு அதைப் பல மாநிலங்கள்ல பரப்புது. ஆரம்பத்துலயே பூசினா நல்லா கேக்குது. அன்னைக்கு எனக்கு அது தெரிஞ்சிருக்கல.

சரி, நாய்க் கதைக்கு வருவோம். பால் கறக்காத, ஏர் உழாத பிராணி. அதனாலேயே வைத்தியம் அதுக்குக் கடைசியா வந்தது. வந்ததும் நாயிக்காக இல்லை, நாய் கடிச்ச மனுஷனுக்காக. 1885 ஜூலை 6-ம் தேதி பாஸ்டர் வெறிநாய் கடித்த ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போட்டார். நம்ம குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-ல் தொடங்கியது. 1988-ல் எங்க தங்கச்சியை எங்க வீட்டு மணியே கடிச்சுடுச்சு. அதுக்கு ஊசி போட்டதில்லை. நாயிக்கு யார் ஊசி போடுவா? தங்கச்சிக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலேர்ந்து தயாரிச்ச பழைய மருந்து. பதினாலு நாளும் அப்பா வேலைக்குப் போகாம தோள்ல தூக்கிட்டுப் போனார். ஏழாம் நாளுக்கு மேல ஆஸ்பத்திரி வாசலைப் பாத்தாலே அது அலறும்.

அவ்வளவு தெரிஞ்சும் 2019-ல் நான் மறுபடி கோட்டை விட்டேன். நாட்டு நாய்க்குட்டி ஒண்ணு எடுத்து வந்தேன். வெறிநோய் ஊசி மட்டும் பிறகு போட்டா போதும், நாட்டு நாயிக்கு மத்த ஊசி எதுக்குன்னு இருந்துட்டேன். மூணாம் மாசம் வாந்தி, ரத்தக் கழிச்சல். பார்வோ. 1978 வாக்கில்தான் உலகத்துக்கே தெரிஞ்ச புது நோய் அது, ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள கண்டம் கண்டமா பரவிடுச்சு. மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தினாங்க. டாக்டர் நல்லவர், முதல் நாளே "பாதிக்குப் பாதிதான், செலவு நாலாயிரம் ஆகும், யோசிச்சுச் சொல்லுங்க"ன்னு உடைச்சுச் சொன்னார். செலவு பண்ணினேன். பிழைக்கல. ஊசி போட்டிருந்தா அறுநூறு ரூபாயோட முடிஞ்சிருக்கும். காசு பெரிசில்லை. குட்டி கடைசி வரைக்கும் என் கால் சத்தத்துக்கு வாலை ஆட்டுச்சு.

அக்கா மகனுக்கு நான் சொன்னது இதுதான்.

டாக்டர் பதிவு பண்ணினவரான்னு கேளு, கேக்குறதுல தப்பில்லை. நாயைக் கையால தொட்டு, வாயைத் திறந்து, காதை முகர்ந்து பாக்குறவரா பாரு. பரிசோதனை எழுதினா, "இதுல என்ன தெரியும், தெரிஞ்சா வைத்தியம் மாறுமா?"ன்னு கேளு. மாறாதுன்னா அது தேவையில்லை. செலவை முன்கூட்டியே சொல்றவர், மருந்துப் பேரை எழுதிக் குடுக்குறவர், எனக்குத் தெரியல வேற இடம் போங்கன்னு சொல்லத் தெரிஞ்சவர், இவங்களை விடாதே. நடு ராத்திரி யாரைத் தேடுறதுன்னு நாய் நல்லா இருக்கும்போதே கேட்டு வெச்சுக்க. ஆஸ்பத்திரி மாறினா பழைய சீட்டையெல்லாம் கொண்டு போ. நீ மூணு இடம் மாறினதுல ஒரே ரத்தப் பரிசோதனைக்கு ரெண்டு தடவை காசு குடுத்திருக்கே, சீட்டுலயே இருக்கு. கல்லூரி ஆஸ்பத்திரியில காத்திருக்கணும், ஆனா எல்லாத் துறை டாக்டரும் ஒரே இடத்துல இருப்பாங்க. ஜூலை 6-ம் தேதி பல ஊர்ல வெறிநோய் ஊசி இலவசமாவே போடுறாங்க.

செலவுக்குக் களத்து நெல் மாதிரி பண்ணு. நோய் வந்தாலும் வராட்டியும் மாசா மாசம் ஒரு தொகையை நாய் பேர்ல ஒதுக்கி வை. ஊசியும் குடல்புழு மருந்தும் அதுல முதல் செலவு. மிச்சம் சேந்துக்கிட்டே இருக்கட்டும். அப்பத்தான் ஒரு நாள் டாக்டர் எதிர்ல உக்காரும்போது, பையில எவ்வளவு இருக்குன்னு யோசிக்காம நாயைப் பத்தி யோசிப்பே.

"அம்மாச்சி கேட்டதுக்குப் பதில்?" என்றான்.

அதுக்கு என்கிட்டயும் பதில் இல்லை. கறவை வத்தின பிறகும் அந்த மூணு காம்பு மாட்டை நாங்க விக்கல. கேட்டா, அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்குது, தின்னுட்டுப் போவுதுன்னு அம்மாதான் சொல்லும். ராத்திரி எழுந்து பாத்தேன். கொட்டகையில குளிர் இறங்கியிருந்துச்சு. அந்த நாய் மேல எங்க அம்மாவோட பழைய சேலை ஒண்ணு போத்தியிருந்துச்சு.