பேட்டை இறுக்கிப் பிடித்தால் பந்து பறக்குமா?

சில ஓவர் ஆடியதுமே கை வலிக்குதா? பந்து பட்டதும் பேட் கையில் திரும்புதா? இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். வேண்டாம். மணிக்கட்டு விறைத்துப்போகும், வீச்சின் வேகமும் குறையும். கை வலுவாக இருந்தால்தான் தளர்வாகப் பிடிக்க முடியும்.

விரல்களை மடக்கும் முக்கியத் தசைகள் முன்கையில் இருக்கின்றன. வாரம் 3 நாள் அவற்றுக்கு வேலை கொடுங்கள்:

• டென்னிஸ் பந்தை 5 விநாடி அழுத்திப் பிடித்து விடுங்கள். ஒவ்வொரு கையிலும் 10 முறை.

• ஈரத் துண்டை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்கிப் பிழியுங்கள்.

• விரல்களைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, விரித்து மூடுங்கள்.

• பிடியில் மேலே இருக்கும் கையால் மட்டும் பேட்டைப் பிடித்து, நண்பர் மெதுவாக வீசும் பந்தை நேராகத் தட்டுங்கள். வலக்கை ஆட்டக்காரருக்கு அது இடக்கை. பலருக்கும் பலம் குறைந்த கை அதுதான்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் உடனே நிறுத்துங்கள். அது ‘டென்னிஸ் எல்போ’வாக இருக்கலாம். சச்சின் டெண்டுல்கரையே 2004இல் அது ஆட்டங்களிலிருந்து ஒதுக்கிவைத்தது. மறு ஆண்டு அறுவை சிகிச்சையும் தேவைப்பட்டது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.