மூன்றாம் கொடிமரம்: 'மெதினா' கப்பலும் ஓர் ஆளுநரின் பெட்டிகளும்

1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. திருப்பதியும் சந்திரகிரியும் அதனுள் அடங்கின. அவ்வாண்டு நவம்பரில் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்ற கார்மைக்கேல் பிரபுவின் ஆட்சியில் அப்புதிய மாவட்டம் ஐந்து மாதமே இருந்தது. அவரது பதவி மாற்றத்திலும், பின்னாளில் அவரது கலைச்செல்வம் கடலில் மூழ்கியதிலும் ஒரே கப்பல் குறுக்கிடுகிறது.

தில்லி தர்பாருக்கு வந்த ஐந்தாம் ஜார்ஜின் 'அரச நீராவிக் கலம்' உண்மையில் ஒரு பயணிகள் கப்பலே. விக்டோரியா அண்டு ஆல்பர்ட் என்னும் நிலையான அரசக் கலம் அத்துணை நெடும் பயணத்துக்கு ஏற்றதன்று எனக் கருதப்பட்டது. எனவே பி. அண்டு ஓ. நிறுவனத்துக்காகக் கிரீனக்கில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 12,350 டன் எடையளவுள்ள மெதினா, வெள்ளை வண்ணம் பூசி அணிசெய்யப்பட்டது. இரண்டு கொடிமரங்களுடன் மூன்றாவதும் நடப்பட்டது. அரசர் கப்பலில் இருக்கையில் மூன்று கொடிகள் தனித்தனி மரங்களில் பறக்க வேண்டும் என்பது மரபு. கொடியேற்றமின்றி உற்சவம் தொடங்காத திருப்பதியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பயணம் முடிந்ததும் அம்மரம் அகற்றப்பட்டது.

1911 டிசம்பர் 2 அன்று மெதினா பம்பாயை அடைந்தது. டிசம்பர் 12 அன்று தர்பாரில் வங்கப் பிரிவினை நீக்கமும் தலைநகர மாற்றமும் அறிவிக்கப்பட்டன. மறுசீரமைக்கப்பட்ட வங்காளத்துக்கு முழு ஆளுநர் ஒருவர் தேவைப்பட்டார். கார்மைக்கேல் 1912 ஏப்ரல் 1 அன்று, சித்தூர் மாவட்டத்துக்கு ஓராண்டு நிறைந்த அதே நாளில், அப்பதவியை ஏற்றார். அரசரோ அப்பயணத்தில் சென்னைப் பக்கமே வரவில்லை.

அந்த அணிவகுப்பின் முடிவு வியப்புக்குரியது. துணைவந்த நான்கு போர்க்கப்பல்களுள் ஆர்கைல் 1915இல் பாறையில் மோதியது; நேட்டால் அவ்வாண்டே வெடித்துச் சிதறியது; டிஃபென்ஸ் 1916இல் ஜட்லாண்டுப் போரில் அழிந்தது; காக்ரேன் 1918இல் மெர்சி ஆற்றில் தரைதட்டி உடைந்தது. மெதினாவும் தப்பவில்லை. கீழை நாடுகளிலிருந்து திரும்புகையில் 1917 ஏப்ரல் 28 அன்று, தென் இங்கிலாந்தின் ஸ்டார்ட் முனையருகே ஜெர்மானிய நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியது. பயணிகளை அதற்குமுன் பிளிமத்தில் இறக்கியிருந்ததால் உயிரிழப்பு ஆறோடு நின்றது. வங்காளப் பதவியை முடித்த கார்மைக்கேலின் பெட்டிகள் சரக்கறையில் இருந்தன.

எழுபதாண்டுக்குப் பின் அவை மீட்கப்பட்டு, 1988இல் சதபீஸ் நிறுவனத்தால் ஏலம் விடப்பட்டன. இன்று மெதினாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசரையும் அப்பெட்டிகளையுமே சுற்றுகிறது. இறந்த அறுவர் அதில் அரிதாகவே இடம்பெறுகின்றனர்.