அசைவறிந்து எரியும் இரவு விளக்கு: ஒரு வரலாறு

இருட்டில் ஒருவர் நடந்து வரும்போது தானே எரிந்து, சிறிது நேரத்தில் தானே அணையும் விளக்கு அசைவுணர் இரவு விளக்கு எனப்படும். ஓர் அகச்சிவப்பு உணரி, ஒரு நுண்கட்டுப்படுத்தி, ஓர் எல்இடி ஆகிய மூன்றும் இருந்தால் பள்ளி மாணவரே இதை வீட்டில் செய்துவிடலாம். இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில் தோன்றியவை.

உணரி

1800 இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறத்துக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் இவ்வாறு அறியப்பட்டது. மனித உடலும் இக்கதிரை வெளியிடுகிறது.

வெப்பநிலை மாறும்போது சில படிகங்களில் மின்னேற்றம் தோன்றும். இன்றைய அசைவுணரி இப்பண்பைக் கொண்டே இயங்குகிறது. அதனுள் இரண்டு உணர்பகுதிகள் உள்ளன. அறையின் வெப்பம் இரண்டிலும் சமமாக விழுவதால் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆள் நகரும்போது கதிர் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் விழுகிறது. அந்த வேறுபாடே சமிக்ஞை ஆகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பவரை இவ்வுணரி கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

விளக்கு

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962 இல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் உருவாக்கினார். வெள்ளை ஒளி பெற நீல எல்இடி தேவைப்பட்டது. அதை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014 இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

சில்லு

செயலி, நினைவகம், உள்ளீடு, வெளியீடு அனைத்தும் ஒரே சில்லில் அமைந்ததே நுண்கட்டுப்படுத்தி. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஎம்எஸ் 1000 சில்லு 1974 இல் விற்பனைக்கு வந்தது. தொடக்ககாலச் சில்லுகள் பலவற்றில் நிரல் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டது. வேறு சிலவற்றில் பழைய நிரலை அழிக்கப் புறஊதா விளக்கின் கீழ் வைக்க வேண்டியிருந்தது. 1990களில் மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய சில்லுகள் பரவின. தவறு செய்து திருத்திக் கற்கும் மாணவருக்கு இது பெரும் உதவியாயிற்று.

இவ்ரேயா

ஆயினும் பலகைகளின் விலை அதிகம். நிரல் எழுதுவதும் கடினம். இத்தாலியின் இவ்ரேயா நகரில் இருந்த வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில், கொலம்பியா நாட்டு மாணவர் எர்னாண்டோ பாராகான் 2003 இல் தம் ஆய்வேட்டுக்காக 'வயரிங்' என்ற எளிய நிரலாக்க முறையையும் பலகையையும் உருவாக்கினார். அவருடைய வழிகாட்டிகளில் ஒருவர் மாசிமோ பான்சி.

2005 இல் பான்சியும் குழுவினரும் வயரிங்கை அடிப்படையாகக் கொண்டு, மலிவான சில்லுடன் ஆர்டுயினோ பலகையை வெளியிட்டனர். அந்தக் கல்வி நிறுவனம் அப்போது மூடப்படும் நிலையில் இருந்தது. அதனுடன் உழைப்பும் மறைந்துவிடக் கூடாது என்று பலகையின் வடிவமைப்பை அனைவருக்கும் திறந்துவிட்டனர். யாரும் படியெடுத்துச் செய்யலாம் என்றானதால் விலை குறைந்தது. பலகை உலகெங்கும் பரவியது.

பெயரும் உழைப்பும்

ஆர்டுயினோவை நிறுவியவர்களாகப் பான்சி உள்ளிட்ட ஐவர் குறிப்பிடப்படுகின்றனர். அப்பட்டியலில் பாராகான் இல்லை. 2016 இல் அவர் தம் பங்கை விளக்கி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார். திறந்த வடிவமைப்பில் எவரும் பிறர் உழைப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் யாருடைய உழைப்பு என்று சொல்லும் கடமை அதனால் நீங்கிவிடாது.

இன்று இரவு விளக்கு செய்யும் மாணவர், உணரியை உள்ளீடாகவும் எல்இடியை வெளியீடாகவும் அறிவிக்க 'பின்மோடு' என்றும், விளக்கை ஏற்ற 'டிஜிட்டல்ரைட்' என்றும் எழுதுகிறார். இவ்விரு கட்டளைகளும் வயரிங்கிலிருந்து வந்தவை.